கடலை உருண்டையில் தோற்ற போர்

என் அப்பா ஒரு பாலைவனப் போரில் ஜெயித்தவர். அதே போரில் தோற்றவர் என் தாய்மாமன். சரித்திரப் புத்தகத்தில் இந்தப் போரைத் தேடாதீர்கள், கிடைக்காது. இரண்டு பக்கமும் நம் ராணுவமே நின்று, தோட்டா இல்லாத துப்பாக்கியால் நம்மையே நாம் சுட்டுக்கொண்ட போர் அது. நாட்டில் மற்றவர்கள் அதைப் பயிற்சி என்பார்கள். அப்பா முன்னால் அந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் தெரியும் சேதி.

அப்பாவும் மாமாவும் மொரப்பூர் பக்கம் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரே வாத்தியாரிடம் உதை வாங்கி, ஒரே ஆள்சேர்ப்பில் வரிசையில் நின்று பட்டாளத்துக்குப் போனவர்கள். பிறகு அப்பா தன் கூட்டாளியின் தங்கையைக் கட்டிக்கொண்டார். ஆக, அவர்கள் நண்பர்களாக இருந்த காலம் அத்தோடு முடிந்து, மாப்பிள்ளையும் மச்சானும் ஆனார்கள். அப்பா காலாட்படை. மாமா டாங்கிகளுக்கு மெக்கானிக். ரெண்டு பேரும் ரெண்டு மூலையில் வேலை பார்த்து, லீவு ஒன்றாகக் கிடைத்தால் ஒரே ரயிலில் மொரப்பூரில் இறங்கி, பேசிக்கொண்டே ஏரிக்கரை வரை நடந்து வருவார்களாம். ஏரிக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் மாமா வீடு. ஏரி என்று பெயர்தான். தண்ணீரைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்.

நான் ரெண்டாம் வகுப்புப் படித்தபோது அந்தப் பெரும்போர் மூண்டது. ராஜஸ்தான் மணலில் ராணுவத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்குச் சிவப்புப் படை என்றும் இன்னொன்றுக்கு நீலப் படை என்றும் பெயர் வைத்து மோதவிட்டார்கள். நடுவில் கையில் வெள்ளைத் துணி கட்டிய அதிகாரிகள் நடுவர்களாகத் திரிவார்கள். அவர்கள் ஒருவனைப் பார்த்து ‘நீ செத்தாய்’ என்றால் அவன் செத்தவன். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து டீ குடிக்கலாம். சாவில் இத்தனை சௌகரியம் இருப்பது நம் நாட்டில் அங்கே மட்டும்தான். அப்பா சிவப்பு. மாமா நீலம்.

அதற்குச் சில நாள் முன்புதான் மாமா லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்பியிருந்தார். கிளம்பும்போது அம்மா ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கடலை உருண்டை பிடித்து, “அண்ணா, அவுரைப் பாத்தின்னா இதை அவுரு கையில குடு” என்று கொடுத்தனுப்பினாள். மாமா அந்த டப்பாவை ரயிலில் தலைமாட்டில் வைத்துப் படுத்து, பெட்டியில் பூட்டி, பாலைவனம் வரைக்கும் கொண்டுபோய்விட்டார். ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. என் மாமா அப்படிப்பட்ட மனுஷர். அங்கேதான் வினையே.

தண்ணி லாரி ஓட்டி வந்த ஒரு தமிழ் ஆள், “உங்க மாப்பிள்ளையோட கம்பெனி அந்த மணல் மேட்டுக்கு அந்தாண்டதான் இருக்குது” என்று சும்மா இராமல் சொல்லிவைத்தார். மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அது எதிரி முகாம், நடுவில் எல்லைக் கோடு, ஊரே போர்க்கோலத்தில் நிற்கிறது, இதெல்லாம் அவர் புத்தியில் ஏறவே இல்லை. தங்கச்சி கொடுத்த டப்பா, மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கிறார், கொடுத்துவிட்டு வந்துவிடலாம், அவ்வளவுதான். சாயங்காலம் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சந்தைக்குப் போகிறவர் மாதிரி எதிரிப் பகுதிக்குள் நடந்து போனார்.

ஒரு முள் புதருக்குப் பின்னால் காவலில் இருந்தது சாட்சாத் அப்பாவேதான். 

“யாரது?”

“நாந்தாங்க மாப்ள. தங்கச்சி உருண்டை குடுத்தனுப்புச்சி.”

“வாங்க மச்சான், வாங்க. ஏங்க இந்த மணல்ல? எங்கிருந்து நடந்தே வர்றீங்க?”

இந்தக் கேள்வியை அப்பா பாசத்தில் கேட்டாரா, தந்திரத்தில் கேட்டாரா என்பதுதான் பின்னாளில் பெரிய விவாதமானது. மாமா பாசம் என்றுதான் எடுத்துக்கொண்டார்.

“அதா, அந்த மேட்டுக்கு அந்தாண்டதாங்க. ஸ்டேஷன்ல எறங்கி நம்ம ஏரிக்கரைக்கு வர்ற தூரம் இருக்கும். வண்டி அத்தனைக்கும் வலையைப் போத்திட்டு நிக்கிறோம், இன்னா வெயிலுங்கறீங்க.”

அப்பா டப்பாவை வாங்கிப் பத்திரமாகக் கீழே வைத்தார். பிறகு துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தார்.

“கையத் தூக்குங்க மச்சான்.”

மாமா சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். மாப்பிள்ளை மச்சானைக் கிண்டல் பண்ணுவது எங்கள் பக்கம் சகஜம்தானே. சுபேதார் வந்து கையைப் பின்னால் கட்டியபோதுதான் அவருக்குச் சிரிப்பு நின்றது.

அந்த மணலில் ஸ்டேஷனிலிருந்து எங்கள் ஏரிக்கரை எவ்வளவு தூரம் என்று தெரிந்த ஒரே எதிரி என் அப்பா. அவர் மச்சானின் நடையைக் கணக்குப் போட்டு, மணலுக்குக் கொஞ்சம் கழித்து, வரைபடத்தில் விரலை வைத்தார். விடிந்ததும் சிவப்புப் படை போய் நின்ற இடத்தில் நீலப் படையின் டாங்கிகள் எல்லாம் வலைக்குள் தூங்கிக்கொண்டிருந்தன. நடுவர் வந்தார், ‘எல்லாம் அழிந்தது’ என்றார், முடிந்தது கதை. ஒரு வாரம் நடக்கவேண்டிய போர் பாதியிலேயே படுத்துவிட்டது. இரு தரப்புச் சமையல்காரர்களும் மிச்ச உருளைக்கிழங்கை மூட்டை கட்டினார்களாம்.

அப்பாவுக்கு ஒரு சபாஷும், முத்திரை பொறித்த ஒரு எவர்சில்வர் டம்ளரும் கிடைத்தன. அந்த டம்ளர் இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அதில் யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது, விருந்தாளிகள் பார்க்க மட்டும் செய்யலாம். மாமாவுக்கு முதுகில் மூட்டையோடு மணலில் ஓடும் தண்டனை கிடைத்தது. ஒரு பெயரும் கிடைத்தது. ஓய்வு பெறும் வரைக்கும் அவர் படையில் அவரை ‘டப்பா’ என்றுதான் கூப்பிட்டார்கள். வரவேண்டிய பதவி உயர்வு அவரைத் தாண்டிப் போனது. எதை வேண்டுமானாலும் கிண்டல் செய்வேன், இதை மட்டும் செய்ய எனக்கு மனசு வராது.

அன்றிலிருந்து மாமா ஏரியைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அம்மா அங்கே போவாள், மாமா கோழி அடித்துப் போடுவார், எனக்குத் துணி எடுத்துக் கொடுப்பார். ஆனால் அப்பா இருக்கும் வீட்டில் காலை வைக்க மாட்டார். நான் வயசுக்கு வந்தபோது சீர் தட்டுகளோடு அத்தை மட்டும் வந்தாள். மாமா ஏரிக்கரை மேல் மொபெட்டை நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்து எங்கள் வீட்டுப் பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பந்தலில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாட்டு எல்லையிலாவது கொடி இறக்கும்போது கை குலுக்குகிறார்கள்.

இருவரும் ஓய்வு பெற்று வந்தார்கள். அப்பா ஒரு தனியார் குடோனில் செக்யூரிட்டி ஆனார், மாமா டிராக்டர் ரிப்பேர் கடை வைத்தார். போர் மட்டும் ஓய்வு பெறவில்லை. நான் அறிவியல் டீச்சராக இருக்கும் பள்ளியில் ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் அப்பாவைத்தான் பேசக் கூப்பிடுகிறார்கள். மைக்கைப் பிடித்தால், “எங்களுக்குக் கிடைத்த ரகசியத் தகவலின் பேரில்” என்று ஆரம்பிப்பார். உருண்டை என்ற சொல் வராது. டப்பா வராது. மச்சான் வரவே மாட்டார். மாமா டீக்கடையில் சொல்லும் கதையில் டப்பா மட்டும்தான் இருக்கும், போரே இருக்காது. “சோறு கொண்டு போனவனப் புடிச்சிக் குடுத்த ஆளு” என்று முடிப்பார். ரெண்டு கதையையும் கேட்டவர்கள் அவை ஒரே சம்பவம் என்று சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டார்கள்.

வீட்டில் அப்பா தன் வெற்றியைச் சொல்லி முடித்ததும் அம்மாவிடம் ஒரு குறையும் சொல்வார். “எல்லாம் சரிதான், ஆனா அந்த டப்பாவுல மேல இருந்த உருண்டை இனிச்ச மாதிரி அடியில இருந்தது இனிக்கல. வெல்லத்துல கஞ்சத்தனம் பண்ணிட்ட நீ.” அம்மா அடுக்களைக்குள் போய்விடுவாள். பாத்திரம் கொஞ்சம் சத்தமாக விழும். 

அப்பாவிடம் இன்னொரு ராணுவப் புத்தி உண்டு. அவரவர் தட்டு அவரவருக்கு. சின்ன வயதில் அப்பாவுக்கு வைத்த வடையை நான் ஒருமுறை தெரியாமல் எடுத்துத் தின்றுவிட்டேன். அரைமணி நேரம் பாடம் நடந்தது. எதிரியைக் கொல்லலாமாம், பின்வாங்கி ஓடலாமாம், ஆனால் அடுத்தவன் ராஷனைத் தின்றவன் சிப்பாயே இல்லையாம். ஒரு உளுந்து வடைக்கு இவ்வளவு.

போன வருஷம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை நல்லம்பள்ளிப் பக்கம். எங்கள் வழக்கத்தில் பெண்ணின் நெற்றியில் முதல் பட்டம் கட்டவேண்டியது தாய்மாமன். தங்கத் தகட்டை நூலில் கோத்து அவர் கட்டிவிட்ட பிறகுதான் மற்றவர்கள் கட்டலாம், பிறகுதான் தாலி. இதைச் சொன்னதும் மாமா சொல்லி அனுப்பினார்: மண்டபம் பெண் வீட்டாருடையது, பெண் வீட்டார் என்றால் அப்பா, ஆகவே வருவதற்கில்லை.

“மாமன் முறைல வேற யாராச்சும் கட்டுனா போதாதுங்களா?” என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்கள். அம்மா அவர்களை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

“எங்கண்ணன் பட்டம் கட்டாம இவ கழுத்துல தாலி ஏறாது” என்று அம்மா அறிவித்துவிட்டாள். பத்திரிகை அடித்தாகிவிட்டது, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, கல்யாணப் பெண்ணாகிய நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சமாதானத் தூதராக ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உலகத்தில் எந்தப் பெண்ணுக்கும் முகூர்த்தப் புடவை எடுக்கும் வாரத்தில் இந்த உத்தியோகம் கிடைத்திருக்காது.

மாமாவின் நிபந்தனை: “உங்கப்பன் மண்டபத்துல மைக்கப் புடிச்சி, ‘மச்சான் எனக்குச் சோறு கொண்டாந்தாரு, நாந்தான் புத்தி கெட்டுப் போயி அவரப் புடிச்சிக் குடுத்தேன்’னு சொல்லட்டும் கண்ணு. நான் வர்றேன்.”

அப்பாவின் பதில்: “எதிரிப் பகுதிக்குள்ள வந்தா கைதிதான். அது சட்டம். அவரு அடையாளச் சொல்லு கூடச் சொல்லல. உருண்டைன்னாரு. உருண்டை அடையாளச் சொல்லா?”

இதை நான் எனக்குக் கணவராக வரவிருந்தவரிடம் போனில் விளக்கினேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “யாரோட சண்டைங்க? பாகிஸ்தானோடவா?” என்றார். இல்லை, நம் ஆட்களோடு நம் ஆட்கள் என்றேன். “உங்க வூட்டுல எல்லாரும் நல்லாத்தான இருக்காங்க?” என்றார். நியாயமான கேள்வி.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மா சரியாகச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கோபித்துக்கொண்டு இல்லை. இறங்கவில்லை, அவ்வளவுதான். எனக்குப் பயம் வந்துவிட்டது. அன்றைக்கு மத்தியானம் அவள் சுவரோரம் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா எனக்கு மறுபடி சட்டம் போதித்துக்கொண்டிருந்தார்.

“நீயே சொல்லு. இவ எனக்குன்னு செஞ்சனுப்புன உருண்டை. அதைக் கொண்டாந்து குடுத்தாரு, வாங்கிக்கிட்டேன், தின்னேன். அது வூட்டு விவகாரம். அவரப் புடிச்சது சர்க்கார் விவகாரம். ரெண்டையும் ஏன் போட்டுக் கொழப்பணும்?”

“உங்களுக்குன்னு யாரு சொன்னது?” என்றாள் அம்மா.

அப்பா திரும்பினார். அம்மா பூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மேல பாதி உங்களுக்கு. அடியில பாதி எங்கண்ணனுக்கு. நடுவுல வாழச்சருகு வெச்சிப் பிரிச்சி வெச்சேன். அதுக்குச் சின்னப் புள்ளைலருந்து இனிப்பு திகட்டும், அதனால அடியில வெல்லம் கொறச்சிப் புடிச்சேன். அதுங்கிட்டயே ‘பாதி உனக்கு’ன்னு சொன்னா, ‘வேணாம் தாயி, மாப்ளைக்கே இருக்கட்டும்’னு சொல்லிடும். அதான் சொல்லல. சருகைப் பாத்தா உங்களுக்கே வெளங்கும், ‘மச்சான் இந்தாங்க உங்க பங்கு’ன்னு எடுத்துக் குடுப்பீங்கன்னு இருந்தேன்.” பூண்டைத் தட்டில் போட்டாள். “மொத்தத்தையும் தின்னுட்டு, வெல்லம் பத்தலன்னு இத்தனை வருசமா எங்கிட்டயே குத்தம் சொல்றீங்க.”

“ஏம்மா இத்தனை வருஷமா சொல்லல?” என்று நான்தான் கேட்டேன்.

“ரெண்டு பேருல ஒருத்தராச்சும் எங்கிட்ட கேட்டாங்களா? சண்டை அவுங்க ரெண்டு பேருக்குங்கறாங்க. எனக்கு அண்ணன் போச்சி. அது யாரு கணக்குலயும் வரல.”

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. நான் பொய் சொல்லவில்லை. “ஆமா, சருகு இருந்துச்சி” என்றார், யாரிடமோ சொல்வது போல. “சருகு இருந்துச்சி. எடுத்துத் தூரப் போட்டேன்.” மச்சானைப் பிடித்துக் கொடுத்ததற்கு ஒரு நாளும் வருந்தாத மனிதர், அவரது பதவி உயர்வு போனதற்கு ‘அது அவரு தலையெழுத்து’ என்றவர், அடுத்தவன் ராஷனைத் தின்றுவிட்டோம் என்று தெரிந்ததும் எழுந்து போய் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. வேறு யாராவதாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

மறுநாள் காலையில் கடைக்குப் போய் நிலக்கடலையும் வெல்லமும் வாங்கி வந்து அம்மா முன்னால் வைத்தார். அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். இரண்டு பாகு காய்ச்சினாள்.

உருண்டை ஆறியதும் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பா ஏரிக்குள் இறங்கினார். ரோட்டில் சுற்றிப் போகலாம், வண்டி இருக்கிறது. இல்லை, நடந்துதான் போவேன் என்று ஏரியின் நடுவே காய்ந்த மண்ணில் நடந்தார். என்ன நடக்கப் போகிறதோ என்று நான் பின்னாலேயே ஓடி, கரைக்குப் பக்கத்தில் ஒரு கருவேலமரத்தடியில் நின்றேன். கையில் வெள்ளைத் துணி கட்டாத குறைதான்.

மாமா அந்தப் பக்கம் மாட்டை மேயவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஆள் டப்பாவோடு வருவதைப் பார்த்ததும் எழுந்தார். யார் என்று தெரிந்ததும் அவர் உடம்பு விறைத்தது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. மாடு ஓட்டும் குச்சியைத் தூக்கி நீட்டினார்.

“அங்கியே நில்லுங்க. கையத் தூக்குங்க மாப்ள.”

ஐயோ, அப்பா கோபித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார், என் கல்யாணம் இந்த ஏரியிலேயே புதையப் போகிறது என்று நினைத்தேன். அப்பா டப்பாவைக் கீழே வைத்தார். கையைத் தூக்கினார். வலது கை மேலே போனது. இடது கை தோளுக்கு மேல் போகவில்லை. முகம் சுளித்து இன்னொரு முறை முயற்சி பண்ணினார். 

மாமாவின் குச்சி இறங்கியது. “கைக்கு இன்னாங்க?”

“தோள்பட்டை புடிச்சிக்கிச்சி. ரெண்டு வருசமாச்சி.”

“எனக்கு ஒருத்தரும் சொல்லல.”

“சொல்ற நெலமையிலயா இருந்தோம்.” அப்பா இன்னும் கையை இறக்கவில்லை. “மச்சான், உங்க பங்கை நான் தின்னுட்டேன். தெரியாமத் தின்னுட்டேன். அடியில இருந்தது உங்களுதாம். வெல்லம் கொறச்சிப் புடிச்சது உங்களுக்காவத்தானாம். நேத்துதான் உங்க தங்கச்சி வாயத் தொறந்தா.”

போரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதில் மனுஷர் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. 

மாமா மண்ணில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். மேல் வரிசையை எடுத்து அப்பாவின் துண்டில் வைத்தார். வாழைச்சருகை விலக்கி, அடியிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டார். கடிக்க முடியவில்லை, கடைவாய்ப் பற்கள் அவருக்கு எப்போதோ போய்விட்டன. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைக்கவில்லை.

“சும்மா தூக்கிட்டுப் போன ஆளுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன் மாப்ள, என்னை,” என்றார். “அவனுங்க டப்பா, டப்பான்னு கூப்புடறப்ப எல்லாம், சரிதான், நாம டப்பா தூக்கற ஆளுதானன்னு. அதுக்குள்ள எனக்கும் வெச்சிருந்துச்சா தங்கச்சி.”

அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கல்யாணத்தன்று மாமாதான் முதல் பட்டம் கட்டினார். நூல் நழுவி முடிச்சு விழவில்லை, அப்பா தன் நல்ல கையால் நூலைப் பிடித்துக்கொண்டார். பிறகு யார் தடுத்தும் கேட்காமல் அப்பா மைக்கைப் பிடித்து, “எங்களுக்குக் கிடைத்த ரகசியத் தகவலின் பேரில்” என்று ஆரம்பித்துவிட்டார். மாமா முன்வரிசையிலிருந்து, “தகவல் நாந்தாங்க!” என்று கத்தினார். மாப்பிள்ளை வீட்டார் பயந்துபோய்ப் பார்த்தார்கள்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அது இல்லை. ஏரியிலிருந்து இருவரும் நடந்து வந்த அந்த மத்தியானம்தான். மாமா எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, புது ஆள் மாதிரி தயங்கி உள்ளே வந்து உட்கார்ந்தார். அம்மா அழுவாள், கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இலையைப் போட்டுச் சோறு வைத்தாள். மாமா தின்னத் தின்ன வைத்துக்கொண்டே இருந்தாள். போதுமா அண்ணா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மாமாவும் போதும் என்று சொல்லவில்லை.